ஓவசியர் மரத்தில் வாப்பாவின் கொப்பு

என் கலியாணம் ஒரு மரத்தில் சிக்கியது. பட்டம் சிக்கும், காய் பறிக்கும் கொக்கத்தடி சிக்கும், அடுத்த வளவுச் சேவல் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் சிக்கும். கலியாணம் சிக்கிக் கிடந்ததைப் பார்த்தவன் எங்கள் கரையோரத்தில் நான் ஒருவன்தான். மாப்பிள்ளையும் நானே என்பதால் மிக நன்றாகப் பார்த்தேன்.

சூறாவளி அடித்துப் போன மூன்றாம் வருஷம் அது. கல்முனைக் கடைத்தெருவில் என் வாப்பா உதுமாலெவ்வைக்குப் புடைவைக் கடை. வாப்பா காசு மேசையில் இருப்பார். நான் துணி அளப்பேன். கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை எங்கள் வாயில் வருவதெல்லாம் விலை. கடை பூட்டிய பிறகும் வாப்பாவுக்கு அது நிற்காது. பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் யாராவது புதுக் குடை பிடித்துக்கொண்டு வந்தால், ஸலாமுக்குப் பதில் சொன்ன கையோடு, “எவ்வளவுக்கு எடுத்த?” என்பார். சொன்னால், “ஏமாந்துட்டாய்” என்பார். எந்த விலை சொன்னாலும் அதுதான் பதில்.

ஒரு நாள் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைப் பிள்ளைகள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒருத்தி தாவணித் துணியைப் புரட்டினாள். மற்றவள் துணியையே பார்க்கவில்லை. சேட்டு என்று நாங்கள் சொல்லும் சட்டைகளைச் சுற்றி வரும் கண்ணாடிப் பொலித்தீனை நான் உரித்து மூலையில் எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது குப்பைக்கா?” என்றாள்.

“ஓம்.”

“அப்ப எனக்குத் தாங்க.”

“என்னத்துக்கு?”

“மரத்துக்குக் காயம் கட்ட.”

“மரத்துக்குச் சேட்டும் இஞ்ச இரிக்கி. அளவு சொன்னா எடுத்துத் தாறன்.”

“வேணாம். நீங்க அளக்கிறத்த இவ்வளவு நேரமும் பாத்துக்கிட்டுத்தான் நிண்ட நான். மரத்துக்குக் கட்டையாப் போயிடும்.”

கடைக்குள் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கையிலிருந்த முழக்கோல் மட்டும் சிரிக்கவில்லை. பொலித்தீன் முழுவதையும் கட்டிக் கொடுத்தேன். குப்பையானாலும் விலை பேசாமல் எங்கள் கடையை விட்டு வெளியே போன முதல் சாமான் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று பின்னேரமே தரகர் அசனாரைப் பிடித்து விசாரித்தேன். அவள் பெயர் றாஹிலா. நீர்ப்பாசன ஓவசியர் ஆதம்பாவாவின் மகள். ஆதம்பாவா வேலை மாற்றலாகிப் போன இடமெல்லாம் எலுமிச்சைச் சாதியில் ஒரு தேசியோ தோடையோ நாரத்தையோ கண்டால் அதன் குச்சியை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவாராம். வீட்டில் மகள் அதன் முளைக்கண்ணைச் சீவி எடுத்து மரத்தில் ஒட்டிப் பொலித்தீனால் கட்டுவாளாம். ஊரில் மற்றவர்கள் மாடு சேர்க்கிறார்கள், வயல் சேர்க்கிறார்கள். இவர்கள் புளிப்புச் சேர்க்கிறார்கள்.

“எனக்கு அந்த இடத்தப் பேசுங்க, அசனார் காக்கா” என்றேன், அண்ணன் முறை வைத்து.

பேச்சுக்கு வாப்பாவும் அசனாரும் போனார்கள். எங்கள் பகுதியில் மாப்பிள்ளை போவதில்லை. ஆகவே இனிச் சொல்வது அசனார் சொன்னது. தரகர் சொன்னது என்பதால் பாதியைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளையை வளர்த்து, படிக்க வைத்து, கடைசியில் ஒரு சூட்கேசோடு பெண் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். பெண்ணின் தாயும் தகப்பனும் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் ஒரு சின்ன வீடு போட்டு ஒதுங்கிவிடுவார்கள். ஆதம்பாவாவுக்கு ஒரே மகள். சூறாவளி கொண்டுபோன கூரைக்குப் பதிலாகப் புதுக் கூரை போட்ட வீடு. ஒலுவில் பக்கம் வயல். இரண்டையும் கேட்காமலே சொன்னார். வாப்பா குறுக்கே பேசுவதற்கு இடமே கிடைக்கவில்லை. அதில் அவருக்கு ஏற்கெனவே ஒரு ஏமாற்றம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி முற்றத்தில் இறங்கினார்கள். அங்கே அந்த மரம் நின்றது.

அடி ஒன்று. மேலே கொப்பு ஐந்து. ஒரு கொப்பில் பிபிலைத் தோடை. ஒன்றில் விதை இல்லாத தேசி. ஒன்றில் தோல் தொளதொளத்த மண்டரின். ஒன்றில் பதுளைத் தோட்டத்துத் துரை வளவிலிருந்து கொண்டுவந்த, பெயர் தெரியாத ஒரு சாதி. அதற்கு ஆதம்பாவாவே ‘துரைத் தேசி’ என்று பெயர் வைத்திருந்தார். ஐந்தாவது கொப்பில் தொங்கியது பழமா கையா என்று அசனாருக்கு விளங்கவில்லை. மஞ்சள் நிறத்தில், மணிக்கட்டிலிருந்து விரல்கள் கீழே தொங்குவதுபோல் ஒரு நாரத்தை.

வாப்பா அதைப் பார்த்தார். வாயில் எப்போதும் தயாராக நிற்பது வந்துவிட்டது.

“இது என்ன விலை போகும், ஓவசியர்?”

“இது விக்கிறதில்ல, முதலாளி.”

“விக்கிறதில்ல எண்டா?”

“விக்கிறதில்ல.”

“ஆரும் கேட்டுட்டாங்களா?”

“கேட்டாலும் விக்கிறதில்ல.”

வாப்பா திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார் என்றார் அசனார். வாப்பாவின் வாழ்க்கையில் விலை கூடிய சாமான் உண்டு. முடிந்துபோன சாமான் உண்டு. மேல் தட்டில் ஒளித்து வைத்திருக்கும் சாமான் உண்டு. விற்காத சாமான் என்று ஒன்றை அவர் அன்றுதான் கண்டார்.

“அப்ப அதையும் பேச்சில சேருங்க” என்றார் வாப்பா. “வீடு, வயல், மரம்.”

ஆதம்பாவா குழம்பிவிட்டார். “மரம் வளவுக்குள்ளதானே நிக்கி, முதலாளி? வளவு றாஹிலாவுக்கு. உங்கட மகன் இஞ்சதான் வந்து இரிக்கப்போறார். மரம் அவருக்கு முன்னாலதான் நிக்கும்.”

“அவருக்கு முன்னால நிண்டா எனக்கு என்ன? எனக்குத் தாங்க.”

“எப்பிடித் தாற? கிளப்பினாச் சாகும்.”

“கிளப்பவேணாம். இஞ்சயே நிக்கட்டும். என்ட எண்டு சொன்னாப் போதும்.”

“காய்?”

“காய் எனக்கு ஆகாது. வயித்தெரிவு. டாக்டர் புளிப்பத் தொடவேணாம் எண்டிட்டார்.”

“அப்ப என்னத்துக்கு, முதலாளி?”

வாப்பா எழும்பிவிட்டார். மரம் இல்லாவிட்டால் பேச்சு இல்லை என்று அசனாரிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவரிடம் நான் கேட்டேன். “வாப்பா, நீங்க தேசிக்காயும் தின்னமாட்டீங்க. மரம் வளக்கவும் மாட்டீங்க. உங்களுக்கு என்னத்துக்கு அந்த மரம்?”

“ஒருத்தன் ஒரு சாமான விக்கமாட்டன் எண்டா அதில என்னமோ இரிக்கி, மனே.”

“என்ன இரிக்கி?”

“அது வாங்கினாத்தானே தெரியும்?”

இந்த நியாயத்தை நான் படுக்கையில் கிடந்து முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்த்தேன். பிழை இருப்பது தெரிந்தது. எந்த இடத்தில் என்றுதான் பிடிபடவில்லை. தெளிவாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மரம் இல்லாவிட்டால் றாஹிலா இல்லை.

அதன் பிறகு அசனார் கல்முனைக்கும் அட்டாளைச்சேனைக்கும் பஸ்ஸில் நெய்தார்.

“முழுமரம் தரமாட்டாராம், முதலாளி. விரும்பின நேரம் வந்து பாக்கலாமாம்.”

“பாக்கிறத்துக்கு என்ட கண் இரிக்கி. அவர்ட உத்தரவு என்னத்துக்கு? பாதி கேளு.”

“மரத்தில பாதி எது? மேல் பாதியா, கீழ்ப் பாதியா?”

“கீழ்ப் பாதி கேளு. மேல் பாதி தன்னால வரும்.”

ஆதம்பாவா கீழ்ப் பாதி என்றதும் சிரித்தாராம். சிரித்ததை வாப்பா சம்மதத்துக்குப் பக்கத்தில் என்று எடுத்துக்கொண்டார். பாதி, இரண்டு கொப்பானது. இரண்டு கொப்பு, ஒரு கொப்பானது. கடைசியில் ஒரு கொப்பு, வாப்பா விரும்பியது, மரத்திலேயே நிற்கும், ஆனால் வாப்பாவுடையது என்று முடிந்தது. வாப்பா விரல் நாரத்தைக் கொப்பைக் கேட்டார். ஆதம்பாவா, “அதுக்குள்ள சுளையும் இல்ல, சாறும் இல்ல, முதலாளி. தோல் மட்டும்தான். வாசத்துக்கு வைக்கிற சாமான்” என்றார். நல்ல மனதோடு எச்சரித்தார். சாமானைக் கொடுக்க மனமில்லாதவன் அதன் குறையைச் சொல்வான் என்பது வாப்பாவின் அனுபவம். ஆகவே அவருக்கு அது இன்னும் கட்டாயமாகிவிட்டது.

பாத்திஹா ஓதி, நாள் குறித்தார்கள். ஆறு மாதம் கழித்துக் கலியாணம். எல்லாரும் பேரீச்சம்பழம் தின்றார்கள். இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை எழுத நான் பேனை எடுத்திருக்கமாட்டேன்.

பேரீச்சம்பழத்துக் கொட்டையைத் துப்பிவிட்டு வாப்பா காருக்குப் போனார். கையில் ஒரு தகடும், கட்டுக்கம்பியும், குறடும் எடுத்துக்கொண்டு வந்தார். கொழும்பிலிருந்து லொறியில் வரும் துணிச் சிப்பங்களில் எங்களுடையது எது என்று தெரிவதற்காக ‘உ.லெ.’ என்று வெட்டிய தகடு. இந்தத் தகட்டைக் கட்டாமல் எங்கள் சாமான் எதுவும் ஓரடி நகர்ந்தது கிடையாது. வாப்பா அதை விரல் நாரத்தைக் கொப்பின் அடியில் வைத்து, கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, சிப்பத்துக்கு முறுக்குவதுபோலக் குறட்டால் முறுக்கினார். பட்டை நெரிகிற சத்தம் தனக்குக் கேட்டது என்று அசனார் சொன்னார். இதில் பாதியைக் கழிக்கத் தேவையில்லை என்று பிறகு தெரிந்தது.

“முதலாளி, விரல் வைச்ச காய் வேற எந்தக் கொப்பிலயும் காய்க்காது” என்றார் ஆதம்பாவா. “குறி என்னத்துக்கு?”

“குறி இல்லாத சாமான் சாமானில்ல, ஓவசியர்.”

மூன்று மாதம் போனது. அசனார் மூச்சு வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

“முதலாளி, உங்கட கொப்பு பூத்துக் கொட்டுது! மத்த நாலிலயும் இலைதான். உங்கடதில பூ, மொட்டு, பிஞ்சு. இலைய விடப் பூ கூட!”

வாப்பா காசு மேசையில் கை இரண்டையும் ஊன்றி எழும்பினார். கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார். “நாலு கொப்பு ஓவசியருக்கு, ஒண்டு எனக்கு. என்ட எண்டு சொன்ன உடனே பூத்திச்சு. சாமானுக்கும் ஆள் தெரியும்.” எங்கள் உம்மாவுக்கே வாப்பா மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. நான்தான் குழம்பினேன். குறி கட்டினால் பூக்குமென்றால் ஊரில் உள்ள தென்னைக்கெல்லாம் கட்டலாமே.

பதில் மறுகிழமை வந்தது. அதைக் கொண்டுவந்தவர் றாஹிலாவின் தாய் சல்மா உம்மா. கலியாணத்துக்குத் துணி பார்க்கும் சாட்டில் வந்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கதவுத் துணியைப் பார்த்தபடி வாப்பாவிடம் பேசினார்.

“புள்ள ஒரு செய்தி சொல்லி அனுப்பினா. அந்தக் கம்பியக் கொஞ்சம் இளக்கி விடட்டாம்.”

“ஏன்?”

“கம்பி பட்டைய வெட்டிட்டாம். மேல இருந்து இறங்கிற சத்துக் கீழ போகுதில்லயாம். போறத்துக்கு வழி இல்லாம மேலயே கிடந்துதான் இப்பிடிப் பூக்குதாம். இப்பிடியே விட்டாக் கொப்புக் காய்ஞ்சிடுமாம்.”

வாப்பா என்னைப் பார்த்தார். நான் துணியைப் பார்த்தேன்.

“பூக்கிற மரம் காயுமா, தங்கச்சி?”

“எனக்குத் தெரியா, காக்கா. புள்ள சொன்னத்தச் சொன்ன நான்.”

“நாலு கொப்புப் பூக்கல்ல, அதில கம்பி இல்ல. ஒரு கொப்பு பூக்குது. அதில கம்பி இரிக்கி. இப்ப கம்பியக் கழட்டச் சொல்றீங்க.”

“ஓம்.”

“குறியையும்.”

“குறி கம்பியிலதானே தொங்குது.”

“அதத்தான் நானும் சொல்றன்” என்றார் வாப்பா.

சல்மா உம்மா கதவுத் துணியில் ஒரு முழம்கூட வாங்காமல் போனார். போனதும் வாப்பா மேசையில் தட்டினார். “பாத்தயா, மனே? சாமான் காய்க்கத் தொடங்கினதும் குறியக் கழட்டச் சொல்றாங்க. நாளைக்கு எது உங்கட கொப்பு எண்டு கேப்பாங்க.”

“வாப்பா, விரல் உள்ள கொப்பு…”

“விரல எண்ணிக்கிட்டு இரிக்கிறதா எனக்கு வேல?”

அவள் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் அளவைக் கட்டை என்று ஒரு பார்வையில் கண்டுபிடித்தவள் மரத்தைப் பற்றிச் சொன்னது பிழையாக இருக்கமுடியாது என்பதைத் தவிர என்னிடம் வேறு ஆதாரம் இல்லை. கொப்புக் காய்ந்தால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. வாப்பா, ‘வேண்டுமென்று சாகடித்தார்கள்’ என்பார். ஆதம்பாவா, ‘நீங்கள்தான் நெரித்தீர்கள்’ என்பார். பாத்திஹா ஓதிய கலியாணம் பழைய துணியாகிவிடும்.

ஆகவே வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் குறட்டை ஒரு பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். மாப்பிள்ளை கலியாணத்துக்கு முன் பெண் வீட்டுப் படலையைத் திறப்பது எங்கள் ஊரில் இல்லாத பழக்கம். திறந்தேன். முற்றத்தில் மரம் நின்றது. அசனார் சொன்னது சரி; ஒரு கொப்பு மட்டும் கலியாண வீடு மாதிரி வெள்ளையாக நின்றது. கிட்டப் போனேன். கம்பிக்கு மேல் பட்டை வரம்பு கட்டியதுபோல் புடைத்திருந்தது; கம்பிக்குக் கீழ் ஒல்லியாக இருந்தது. இலையெல்லாம் மஞ்சள் பிடிக்கத் தொடங்கியிருந்தது. குறட்டை எடுத்தேன்.

“மருமகன், தொடாதீங்க!”

ஆதம்பாவா சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார்.

“மாமா, காயப்போகுது.”

“தெரியும். நான் தினம் பாக்கிறன். பாத்துப்போட்டுச் சோறும் இறங்குதில்ல.”

“அப்ப நீங்களே வெட்டி விடுங்களன்.”

“எப்பிடி வெட்டுற? அது உங்கட வாப்பாட குறி. மத்தவன்ட குறிய அவிழ்க்கிறவன் நானில்ல. ஓவசியரா இரிந்த நான். வாய்க்கால்ல ஒருத்தன் கட்டின கட்ட இன்னொருத்தன் வெட்டினா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும்.”

“நான் மகன். நான் வெட்டுறன்.”

அப்போது யன்னல் சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கடையில் கேட்ட அதே குரல்.

“வாப்பா, அவர வெட்டவேணாம் எண்டு சொல்லுங்க. வெட்டினா ஆர் வெட்டின எண்டு அவங்கட வாப்பா கேப்பார். மகன் எண்டு நம்பமாட்டார். நாங்கதான் எண்டுவார்.”

“அப்ப என்ன செய்யிற?” என்றேன் சீலையைப் பார்த்து.

“கட்டினவர்தான் அவிழ்க்கவேணும். நீங்க கடைக்காரர்தானே? உங்கட வாப்பாக்கு ஒரு சாமான விக்கத் தெரியாதா?”

சீலை அசையவில்லை. குறட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கல்முனை வரும்வரை யோசித்தேன். மற்றவனுக்கு எதையும் விற்கலாம். வாப்பாவுக்கு எதை விற்பது? வாப்பாவுக்கு அவருடைய சாமானையேதான் விற்கமுடியும்.

அன்றிரவு சோறு தின்றுகொண்டிருக்கையில் மெல்லத் தொடங்கினேன்.

“வாப்பா, நிக்காஹ்வுக்கு மஹர் என்ன குடுக்கப்போறம்?”

மஹர் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது, மார்க்கத்தில் கடமை. எங்கள் பக்கத்தில் வீட்டையும் வயலையும் வாங்கிக்கொண்டு அதற்கு ஏதோ பெயருக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள்.

“ஊர் வழமைதான்.”

“அந்தக் கொப்பக் குடுத்தா என்ன? ஊரில ஒருத்தரும் மரக்கொப்ப மஹராக் குடுத்ததில்ல. பூத்துக் கொட்டுற நேரம். உதுமாலெவ்வை முதலாளி, பெண் வீட்டிலயே நிக்கிற தன்ட கொப்ப மருமகளுக்குக் குடுத்தார் எண்டு ஒலுவில் வரைக்கும் கதைப்பாங்க. விலை உச்சத்தில நிக்கேக்க கைமாத்திடணும் எண்டு நீங்கதானே சொன்ன?”

வாப்பா மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். வாங்கியதில் உள்ள சந்தோஷமும், கொடுப்பதில் கிடைக்கும் பெயரும், மஹருக்கு வேறு செலவில்லை என்பதும் மூன்றும் சேர்ந்து அவர் முகத்தில் ஒரு வெளிச்சத்தைக் கொண்டுவந்தன.

“ஆனாக் கையளிக்கிற வரைக்கும் குறி இரிக்கும்” என்றார்.

நிக்காஹ் நாளன்று முற்றத்தில் பந்தல். மரத்தைச் சுற்றித்தான் பாய் விரித்திருந்தார்கள், வேறு இடமில்லை. பூக்கள் உதிர்ந்து என் தலைப்பாகையில் விழுந்தன. இலைகளும் விழுந்தன, நான்தான் கவனித்தேன். ஒரு பிஞ்சு, நிக்காஹ் எழுத வந்த லெவ்வையின் புத்தகத்தில் விழுந்து உருண்டது.

“மஹர் என்ன?” என்றார் லெவ்வை.

“இந்தக் கொப்பு” என்றார் வாப்பா, மேலே கையைக் காட்டி.

லெவ்வை மேலே பார்த்தார். பிறகு ஆதம்பாவாவைப் பார்த்தார். “மரம் ஆர்ட?”

“மகள்ட வளவு. மகளுக்குத்தான்” என்றார் ஆதம்பாவா.

“கொப்பு?”

“என்ட” என்றார் வாப்பா.

“மகள்ட மரத்தில உங்கட கொப்பு. அத மகளுக்கு மஹராக் குடுக்கிறீங்க.”

“ஓம்.”

“மகள்ட மரத்தில உள்ளத மகளுக்கே…” லெவ்வை தாடியைத் தடவினார். “இதில எங்கயோ ஒண்டு இடிக்குது.”

“இடிக்கல்ல, லெவ்வை. இடையில ஒருக்கா என்ட கைக்கு வந்து போகுது” என்றார் வாப்பா.

லெவ்வை இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற சாமான், கையளிக்கக்கூடிய சாமான், அதனால் சரி என்று எழுதிக்கொண்டார். மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்க சாட்சிகள் இரண்டு பேரும் அசனாரும் உள்ளே போனார்கள். அசனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“புள்ள கேக்கிறா: என்ட மஹரில வேற ஆள்ட குறி என்னத்துக்காம்?”

பந்தலில் சிரிப்பு. வாப்பா சிரிக்கவில்லை. “சம்மதம் சொல்லட்டும். சொன்ன உடனே கழட்டுறன். அதுவரைக்கும் சாமான் என்ட.”

அசனார் உள்ளே போய் வந்தார். “கழட்டினாத்தான் சம்மதம் சொல்லுவாவாம். குறி இரிக்கிற வரைக்கும் சாமான் உங்கட. உங்கட சாமான மஹர் எண்டு எப்பிடி வாங்கிற எண்டு கேக்கிறா.”

“கழட்டிப்போட்டு, மறுகா அவ சம்மதம் சொல்லாட்டி? குறியும் இல்ல, கொப்பும் இல்ல!”

“சம்மதம் சொல்லிப்போட்டு, மறுகா நீங்க கழட்டாட்டி? புள்ள அதையும் கேட்டுட்டா.”

லெவ்வை பேனையை மூடிவிட்டார். ஆதம்பாவா வானத்தைப் பார்த்தார். சமையல் பக்கமிருந்து புரியாணி வாசம் வந்து எல்லாரையும் இன்னும் குழப்பியது. இரண்டு பக்கமும் நியாயம். இரண்டு நியாயமும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. நடுவில் நான், தலைப்பாகையில் பூவோடு.

வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. கடைத்தெருவில் சமமான ஆள் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தால் மட்டும் வருகிற ஒரு மலர்ச்சி இருந்தது. அவருக்கு எனக்குமேல் இந்தப் பெண் பிடித்துவிட்டது என்று அப்போதுதான் விளங்கியது. ஆனால் பிடித்த ஆளிடம் இறங்கிக் கொடுப்பது அவருக்கு வராது.

“வாப்பா” என்றேன். மாப்பிள்ளை பேசக்கூடாது, பேசினேன். “நம்பிக்கையில்லாத ஆளோட நாம எப்பிடி மாத்துவம்? சாமான ஒரு கையால நீட்டுவம், மத்தக் கையால வாங்குவம்.”

வாப்பா என் பக்கம் கையை நீட்டினார். “குறடு” என்றார். நான் வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அது எப்படி அங்கே வந்தது என்று அவர் கேட்கவில்லை.

புதுச் சட்டையோடு நாற்காலியில் ஏறி நின்று, குறட்டின் வாயைக் கம்பியில் வைத்தார். லெவ்வை யன்னலருகே போய் நின்றார். சாட்சிகள் காதைச் சீலையில் வைத்தார்கள். அசனார் நடுவில் நின்று கையை உயர்த்தினார்.

“ஆ… ஒண்டு… ரெண்டு…”

கம்பி ‘டிக்’ என்றது. உள்ளே ‘சம்மதம்’ என்றது. தகடு வாப்பாவின் காலடியில் விழுந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் லெவ்வை.

“எது முதல்?” என்றார் வாப்பா நாற்காலியில் நின்றபடியே.

கம்பிதான் முதல் என்று சல்மா உம்மா உள்ளேயிருந்து சொன்னார். சம்மதம்தான் முதல் என்று அசனார் சத்தியம் பண்ணினார். அவர் வாப்பாவிடம் தரகு வாங்குபவர். ஒரு சாட்சிக்குக் கம்பி முதல் கேட்டது. மற்றச் சாட்சிக்கு இடது காது கொஞ்சம் மந்தம், யன்னலில் வைத்திருந்தது அந்தக் காது. புரியாணி ஆறும்வரை இதைப் பேசினார்கள். வாப்பா ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். தான் வென்றாரா தோற்றாரா என்று தெரியாமலே அன்று காரில் ஏறினார்.

அன்றிரவு நான் றாஹிலாவிடம் கேட்டேன். “நீ முதல் சொன்னயா, அவர் முதல் வெட்டினாரா?”

“நான் கண்ண மூடிக்கிட்டுச் சொன்ன நான்” என்றாள். “எனக்கும் தெரியா.”

கொப்பு முழுவதும் பிழைக்கவில்லை, முழுவதும் சாகவுமில்லை. மேல் பக்கம் காய்ந்தது. காயத்தை அவள் சுரண்டிப் பொலித்தீனால் கட்டி விட்டாள். அடுத்த மழைக்குக் காயத்துக்குச் சற்றுக் கீழே ஒரு தளிர் வந்தது. தளிர் ஊதா நிறம். நாரத்தையின் தளிர் அப்படித்தான் வரும் என்கிறாள் அவள். அது வாப்பா கட்டிய இடத்துக்குக் கீழே முளைத்ததால் தன்னுடையதுதான் என்கிறார் மாமா. மஹர் என்று எழுதியது கொப்பைத்தான், தளிரை யாரும் எழுதவில்லை என்கிறார் வாப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அதன் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். மாமாவும் தன் நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போடுகிறார். இரண்டு பேரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் காய்க்கவில்லை. காய்த்தாலும் விரல் வைத்துக் காய்க்குமா, அடிமரத்துச் சாதி எழும்பியதா என்று எனக்குத் தெரியாது. றாஹிலாவிடம் கேட்டால், காய்க்கட்டும் பார்ப்போம் என்கிறாள்.